மணி சரி, வரி எங்கே?

கேள்வி: கேமரன் மலை, கோலா தெர்லாவில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். கணினி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாச் சாதனங்களின் லாக்குகளையும், அதாவது நடந்ததை நேரத்தோடு எழுதும் பதிவு வரிகளையும், ஒரே திரையில் பார்க்கலாமே என்று அலுவலக மேசைக்கணினியில் உபுண்டு போட்டு, ஆர்சிஸ்லாக், அலாய், லோகி, கிராஃபனா நான்கையும் நிறுவினேன். வரியில் எழுதியிருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறேன். அண்மையில் ஒரு பிற்பகலில் இடியோடு மின்சாரம் போய், 3.10க்குத் திரும்பியது. மேசைக்கணினிக்கு யூபிஎஸ் உண்டு, அது 3.10 என்றே பதிந்திருக்கிறது. ரவுட்டர், தான் மறுபடி எழுந்தது காலை 7.10 என்கிறது. தொழிற்சாலையிலுள்ள பழைய கணினியின் வரிகளோ மின்சாரம் வந்த பிறகு காணவே இல்லை. தேதியைக் கையால் திருத்தினால்தான் வருகின்றன. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது, அண்ணன் மகன் சென்னையில் வாங்கி வந்தது. அதன் மூலையில் கடிகாரம் சரியான மணி காட்டுகிறது. ஆனால் அதிலிருந்து இன்றுவரை ஒரு வரிகூட வந்ததில்லை! இந்த இரண்டும் விண்டோஸ் கணினிகள், இரண்டிலும் அலாய் நிறுவியிருக்கிறேன். மலையில் இணையம் மோசம், அதுதான் காரணம் என்கிறார் நண்பர். கிராஃபனாவில் நேர மண்டலத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மென்பொருளில் கோளாறா, நான் நிறுவியதில் கோளாறா?

— வாசகர், கோலா தெர்லா

பதில்: இரண்டிலும் இல்லை. கணினிக் கேள்வி அனுப்பும் பலர் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் ஒவ்வொரு சாதனமும் என்ன மணி சொன்னது என்பதையும், போகிறபோக்கில் மடிக்கணினி எந்த ஊரில் வாங்கியது என்பதையும் எழுதிவிட்டீர்கள். துப்பெல்லாம் கடிதத்திலேயே இருக்கிறது. எனக்கு மிச்சம் கழித்தல் கணக்குதான்.

முதலில் நண்பரின் இணையக் கதையை முடித்துவிடுவோம். கொட்டகையிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் உங்கள் மேசைக்கணினிக்கு வரும் வரிகள் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதே இல்லை. அவை உங்கள் சொந்தக் கம்பியிலும் வைஃபையிலும்தான் ஓடுகின்றன. ரவுட்டரிலிருந்து வெளியே போகும் இணையக் கம்பியைக் கழற்றி வைத்தாலும் அவை வந்து சேர வேண்டும். தவிர, வலைத்தொடர்பு மெதுவானால் வரி சில நொடி தாமதமாக வரும். நறுக்குத் தெறித்தாற்போல் 8 மணி நேரம் பின்னால் வராது. நண்பர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றால் அது இதுதான்: ரவுட்டர் போன்றவை லாக் வரிகளை வழக்கமாக யுடிபி என்ற முறையில், 514ஆம் போர்ட்டுக்கு அனுப்புகின்றன. யுடிபி என்றால் 'அனுப்பினேன், சேர்ந்ததா என்று கேட்கமாட்டேன்' என்ற முறை. வைஃபை பலவீனமான இடத்தில் ஒன்றிரண்டு வரி சத்தமில்லாமல் தொலையலாம். எல்லா வரியும் எல்லா நாளும் தொலையாது.

அடுத்தது உங்களுக்கே எழுந்த சந்தேகம், கிராஃபனாவின் நேர மண்டலம். லோகி, அதாவது வரிகளைச் சேமித்து வைக்கும் கிடங்கு, ஒவ்வொரு வரியின் நேரத்தையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய ஒரு நீண்ட எண்ணாக வைத்துக்கொள்கிறது. கிராஃபனா அந்த எண்ணை உங்கள் ஊர் நேரமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே மண்டலத்தை மாற்றினால் எல்லா வரியும் ஒரே அளவு நகரும். 3.10க்கும் 7.10க்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். ஒரு சாதனம் 8 மணி நேரம் பிந்துகிறது, ஒன்று மின்வெட்டுக்குப் பின் மறைகிறது, ஒன்று எப்போதுமே வருவதில்லை. இப்படி ஆளுக்கொரு விதமாக இருக்கும்போது எல்லோருக்கும் பொதுவான ஒரு அமைப்பு காரணமாக இருக்க முடியாது.

உங்கள் நிறுவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண மேசைக்கணினிக்கு லோகியைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. எலாஸ்டிக்சர்ச் போன்றவை ஒவ்வொரு வரியின் ஒவ்வொரு சொல்லையும் அட்டவணைப்படுத்தும், அதற்குத் தக்கபடி நினைவகமும் கேட்கும். 2018இல் வெளிவந்த லோகி, எந்தச் சாதனம், எந்த நிரல் போன்ற சில அடையாளங்களை மட்டும் அட்டவணையில் வைத்துக்கொண்டு, மற்றதைச் சுருக்கிக் கட்டி வைக்கிறது. முன்வாசலில் ஆர்சிஸ்லாக்கை நிறுத்தி ரவுட்டரின் வரிகளை வாங்குவதும் சரியே. லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க நிர்வாகி உரிமை வேண்டும். ஆர்சிஸ்லாக்குக்கு அது இருக்கிறது. வரிகளை வாங்கி லோகிக்குக் கொண்டுசேர்க்கும் அலாய்க்கு வழக்கமாக இருக்காது.

சரி, பிறகு என்னதான் காரணம்? உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். நான்கு மண்டோர்கள் நான்கு மலைச்சரிவிலிருந்து வந்து, தத்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறார்கள். கிராணி தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் அவர்கள் சொன்னதையே பேரேட்டில் எழுதுகிறார். அதிலும் ஒரு விதி வைத்திருக்கிறார்: நாளைக்கு நடக்கப்போவதாகச் சொன்னாலும், போன மாதம் நடந்ததாகச் சொன்னாலும் எழுதமாட்டார், ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். 'வரியில் எழுதியிருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்' என்று நீங்கள் செய்த அமைப்பு, லோகியை அந்தக் கிராணி ஆக்கிவிட்டது. அலாயின் இயல்பு அமைப்பு அதுவல்ல. சும்மா விட்டிருந்தால் வரி வந்து சேர்ந்த நேரத்தையே போட்டிருக்கும். நீங்கள் கூடுதல் அக்கறையோடு அதை மாற்றியிருக்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் கடிகாரங்கள் சரியாக இருந்தால்தான் அது உதவும்.

இனி ஒவ்வொன்றாக. ரவுட்டர் எளிது. மலேசிய நேரம் யுடிசியை விட 8 மணி நேரம் முந்தியது. 3.10இலிருந்து எட்டைக் கழித்தால் காலை 7.10. ஆக, உங்கள் ரவுட்டர் யுடிசி நேரத்திலேயே ஓடுகிறது. பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான். அது தப்பாகச் சொல்லவில்லை, எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் விட்டுவிட்டது. இந்தப் பழக்கம் பழையது. 1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன், தம் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலுக்காக உருவாக்கியதுதான் சிஸ்லாக் எனப்படும் இந்த லாக் முறை. அதன் பழைய வடிவத்தில், ஆர்எஃப்சி 3164 என்று 2001இல் எழுத்தில் வந்த வடிவத்தில், வரியின் தலையில் மாதம், நாள், மணி மட்டுமே உண்டு. ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. எல்லாக் கணினியும் ஒரே ஊரில் இருந்தால் யாருக்கு அது தேவை? 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இந்தக் குறையை நீக்கியது. அதில் ஆண்டும் உண்டு, யுடிசியிலிருந்து எத்தனை மணி நேர வேறுபாடு என்பதும் உண்டு. ஆனால் மலிவான சாதனங்கள் இன்றும் பழைய வடிவத்திலேயே பேசுகின்றன. மண்டலம் இல்லாத வரியைப் பார்த்த ஆர்சிஸ்லாக், உள்ளூர் நேரமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கோலாலம்பூர் மண்டலத்தை ஒட்டி அனுப்பிவிட்டது.

உள்ளூர் நேரம் என்பதே அரசாங்கம் நினைத்தால் மாறக்கூடியது. தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: 1981 வரை தீபகற்ப மலேசியா யுடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முந்தியிருந்தது. சபா, சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காக 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். பழைய தந்தித் தாளை இன்று படிக்கிறவருக்கு ஏற்படும் அதே குழப்பம்தான் மண்டலம் எழுதாத லாக் வரியைப் படிக்கிற மென்பொருளுக்கும்.

நான் மிகவும் ரசித்தது கொட்டகை மடிக்கணினியை. கடிகாரம் சரி, அதனாலேயே வரி வரவில்லை!

விண்டோஸின் நேர மண்டலப் பட்டியலில் ஐந்தரை மணிக்கு எதிரே 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி' என்று இருக்கும். சென்னையில் வாங்கிய கணினியில் அதுதான் அமைந்திருக்கும். கேமரன் மலைக்கு வந்ததும் மணி இரண்டரை மணி நேரம் பிந்திக் காட்டியிருக்கும். யாரோ ஒரு நல்லவர் மண்டலத்தைத் தொடாமல், தானாக நேரம் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு, மணியை மட்டும் கையால் முன்னே நகர்த்தியிருக்கிறார். மூலைக் கடிகாரம் சரியாகிவிட்டது. ஆனால் கணினி உள்ளுக்குள் வைத்திருப்பது யுடிசி. உங்கள் பிற்பகல் 3 மணிக்கு, அது 'இங்கே மணி 3, நான் இந்திய மண்டலத்தில் இருக்கிறேன், ஆகவே யுடிசி காலை 9.30' என்று கணக்குப் போடுகிறது. உண்மையில் அப்போது யுடிசி காலை 7 மணி. விண்டோஸின் நிகழ்வுப் பதிவு யுடிசி நேரத்தோடுதான் போகும். அதனால் கொட்டகையின் ஒவ்வொரு வரியும் இரண்டரை மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வருகிறது. எதிர்கால வரிக்கு லோகி இயல்பாகத் தரும் சலுகை 10 நிமிடம். அதைத் தாண்டினால் வாங்காது.

தொழிற்சாலைக் கணினிக்கு நோய் நேர்மாறானது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு மின்கலம் இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. மின்சாரம் போனால் கடிகாரம் நின்று, திரும்பி வரும்போது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு தேதியில் எழும். அந்த நேரத்தில் உலாவியைத் திறந்து பாருங்கள், வங்கித் தளம் போன்றவை சான்றிதழ் சரியில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். அது இந்த நோய்க்குப் பழைய அடையாளம். விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். தனித்து இயங்கும் விண்டோஸின் நேரச் சேவை, இயல்பு அமைப்பில் 15 மணி நேரம் வரை உள்ள பிழையைத்தான் தானாகத் திருத்தும். அதற்கு மேல் என்றால் தனக்கு நேரம் சொல்கிறவரையே சந்தேகப்படும். லோகியோ இயல்பாக ஒரு வாரத்துக்கு மேல் பழைய வரியை வாங்காது. ஆக, அந்த வரிகளும் வாசலோடு போயின.

இப்படித் திருப்பி அனுப்பியதை லோகி மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வரி மிகப் புதியது, வரி மிகப் பழையது என்று 400 என்ற பிழை எண்ணோடு அலாய்க்குப் பதில் சொல்கிறது. அலாயும் அதைத் தன் சொந்த லாக்கில் எழுதி வைக்கிறது. 400 என்றால் திரும்ப முயன்று பயனில்லை என்று அந்த வரிகளைக் கைவிட்டுவிடுகிறது. தோட்டத்து லாக்குகளையெல்லாம் திரட்டும் நீங்கள், திரட்டுகிறவரின் லாக்கை மட்டும் பார்க்கவில்லை! கொட்டகையிலும் தொழிற்சாலையிலும் உள்ள அலாய்களின் லாக்கையும் கிராஃபனாவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வந்து சேர்ந்த நேரத்தோடு.

மருந்துக்கு வருவோம். இணையத்தில் தேடினால், லோகியின் ஒரு வார வரம்பையும் 10 நிமிடச் சலுகையையும் தளர்த்திவிடு என்று சொல்வார்கள். வேண்டாம். வரிகள் உள்ளே வரும், ஆனால் தப்பான நாளில் உட்காரும். பிறகு ஒரு வரியைத் தேட வேண்டுமானால் அது எந்த ஆண்டில் இருக்கிறது என்று முதலில் தேட வேண்டியிருக்கும்.

முதல் வேலை, மேசைக்கணினியை மற்றவற்றுக்கு நேரம் சொல்லும் கணினியாக்குவது. உபுண்டுவில் க்ரோனி என்ற நிரலை நிறுவுங்கள். இது என்டிபி எனப்படும் நேரம் ஒத்திசைக்கும் முறையில், யுடிபி 123ஆம் போர்ட்டில் பேசும். க்ரோனி தானாக மற்றவர்களுக்கு நேரம் சொல்லாது. உங்கள் உள்வலையின் முகவரி வரம்புக்கு அனுமதி எழுத வேண்டும், தீச்சுவரிலும் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் தன் கடிகாரத்தை வைத்துத் தொடர்ந்து நேரம் சொல்லும்படியும் அமைத்துவிடுங்கள். அப்போது கேமரன் மலை முழுக்க இணையம் போனாலும் உங்கள் நான்கு சாதனங்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்கும். லாக் படிக்க அந்த ஒற்றுமைதான் முக்கியம். இதற்கு மேசைக்கணினியின் உள்வலை முகவரி மாறாமல் இருக்க வேண்டும், ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

கொட்டகை மடிக்கணினியில் வரிசை முக்கியம். முதலில் மண்டலத்தை 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று மாற்றுங்கள். உடனே மூலைக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே குதித்து, 3 மணிக்கு 5.30 காட்டும். பக்கத்தில் நிற்பவர்கள் "கெடுத்துவிட்டாரே" என்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள், இதுவரை ஒளிந்திருந்த பிழைதான் வெளியே வந்திருக்கிறது. பிறகு தானாக நேரம் திருத்தும் வசதியை இயக்கி, நேரம் கேட்க வேண்டிய கணினி என்று உங்கள் மேசைக்கணினியின் முகவரியைக் கொடுங்கள். பிழை 15 மணி நேரத்துக்குள்தான் இருப்பதால் அது மறுக்காமல் திருத்திக்கொள்ளும்.

தொழிற்சாலைக் கணினிக்குச் சில ரிங்கிட்டில் புது மின்கலம். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரையில், தேதியையும் மணியையும் ஒரு முறை கையால் சரிசெய்துவிட்டு உள்ளே போங்கள்.

ரவுட்டரில் மண்டலம் மாற்றும் இடம் இருந்தால் மாற்றுங்கள். ஆனால் ரவுட்டரின் வரிகளுக்கு மட்டும், வந்து சேர்ந்த நேரத்தையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பல ரவுட்டர்களில் கடிகாரத்தைக் காக்க மின்கலமே கிடையாது. மின்வெட்டுக்குப் பின் எழுந்து, என்டிபியில் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அது என்னென்னவோ தேதி சொல்லும். மேலும் யுடிபியில் அனுப்பும் ரவுட்டர் வரிகளைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்புவதில்லை. எழுதிய நேரமும் வந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றேதான். விண்டோஸ் கணினிகளின் கதை வேறு. அங்கே தொடர்பு அறுந்தால் நிகழ்வுகள் அந்தக் கணினியிலேயே தங்கி, தொடர்பு வந்ததும் மொத்தமாகப் புறப்படும். அவற்றுக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் போட்டால், பிற்பகல் முழுக்க நடந்தவை ஒரே நிமிடத்தில் நடந்தது போலத் தெரியும். அதனால் கொட்டகைக்கும் தொழிற்சாலைக்கும் வரியின் நேரம், ரவுட்டருக்கு வந்த நேரம் என்று பிரித்துவிடுங்கள். ஆர்சிஸ்லாக் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரங்களையும் கையில் வைத்திருக்கிறது. எதை அனுப்புவது என்பதை வரியின் வடிவத்தை எழுதும் இடத்தில் நீங்கள் தீர்மானிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் விரைவில் கேட்பீர்கள். லோகி இயல்பாக எதையும் அழிப்பதில்லை. காம்பாக்டர் என்ற துப்புரவுப் பகுதியில், குறித்த நாளுக்குப் பின் அழிக்கும் வசதியை நீங்களே இயக்க வேண்டும். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு மாதம் போதும். கொட்டகை வரிகளும் வரத் தொடங்கிவிட்டால் வட்டு இப்போதைவிட வேகமாக நிறையும்.

இதுவரை திருப்பி அனுப்பிய வரிகளை லோகியிலிருந்து மீட்க முடியாது. ஆனால் கொட்டகையிலும் தொழிற்சாலையிலும் உள்ள விண்டோஸின் நிகழ்வுக் காட்டியில் அவை இன்னும் இருக்கக்கூடும். முக்கியப் பதிவு ஒவ்வொன்றுக்கும் அங்கே இயல்பான இடம் 20 எம்பி, நிறைந்தால் பழையதன் மேல் எழுதும். கடிகாரத்தைத் தொடுவதற்கு முன்பே அவற்றைக் கோப்பாக எடுத்து வையுங்கள். கொட்டகைக் கோப்பின் பெயரிலேயே 'இரண்டரை மணி நேரம் கழிக்கவும்' என்று எழுதிவிடுங்கள்.